ஆசானைத் திருத்திய மாணவர்



நான் வரலாற்றுப் பாடம் கற்பித்து வந்த நாள்களில் ஒருமுறை கரும்பலகையில் ஓர் ஆண்டினைத் தவறாக எழுதிவிட்டேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் சிலரேனும் அத்தவற்றைக் கண்டிருக்க வேண்டும். ஆயினும் பலகையில் இருந்தபடியே எல்லோரும் தத்தம் ஏட்டில் எழுதிக்கொண்டனர். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து, "ஐயா, புத்தகத்தில் வேறு ஆண்டு போட்டிருக்கிறது" என்றான். அவன் குரல் நடுங்கிற்று. என் முகமும் ஒரு கணம் சுருங்கியிருக்கும். பிறகு பலகையைத் துடைத்துவிட்டுச் சரியான ஆண்டினை எழுதினேன்.

அந்தப் பையன் என்னிடத்தில் மிகுந்த அன்பு உடையவன். அன்பு உடையவனாய் இருந்ததனால்தான் அவன் குரல் நடுங்கிற்று என்பதைப் பின்னர் உணர்ந்தேன். தான் போற்றும் ஆசான் சொன்னது உண்மையோடு பொருந்தவில்லை என்று ஒரு மாணவன் கண்டால் அவன் செய்யத்தக்கது யாது? வகுப்பறையில் இவ்வினா ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இலட்சக்கணக்கான ஏழை மக்கள் தம் வாழ்வின் நம்பிக்கையாகக் கொண்ட ஒரு கொள்கையிலே இவ்வினா எழுந்தால் எளிதில் தீராது. அத்தகைய சோதனைக்கு ஆளான ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன். ஜெர்மனி நாட்டவர். புரட்சியை எதிர்பார்த்திருந்த சமதர்ம இயக்கத்திலே சீர்திருத்தத்தின் வழியை முதன்முதலாக ஒரு கோட்பாடாக எழுதி வைத்தவர்.

பெர்ன்ஸ்டைன் 1850ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ரயில் எஞ்சின் ஓட்டுநர். வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. ஆதலால் பதினாறாம் வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வங்கி வேலைக்குச் சென்றார். 1878 வரையில் வங்கி எழுத்தராகவே காலம் கழித்தார். கணக்கேட்டில் ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகை மறுபக்கத்தோடு ஒத்து வரவேண்டும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். அந்தப் பாடத்தை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

அவர் இளைஞராய் இருந்தபோது, 1871இல், சிதறிக் கிடந்த ஜெர்மானிய அரசுகள் பிரஷ்ய மன்னரின் தலைமையில் ஒரே பேரரசு ஆயின. பிஸ்மார்க் முதலமைச்சர் ஆனார். தொழிற்சாலைகள் பெருகின, அவற்றோடு தொழிலாளரின் துயரமும் பெருகிற்று. 1872இல் பெர்ன்ஸ்டைன் சமதர்மக் கட்சியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. 1875இல் கோத்தா என்னும் ஊரில் இரு தொழிலாளர் கட்சிகள் ஒன்றாக இணைந்தபோது அவரும் அதில் பங்கு கொண்டார்.

1878ஆம் ஆண்டில் பேரரசரைக் கொல்ல இருமுறை முயற்சி நடந்தது. அதனைக் காரணமாகக் காட்டிப் பிஸ்மார்க் சமதர்மத் தடைச் சட்டத்தைக் கொணர்ந்தார். கட்சியின் சங்கங்களும் கூட்டங்களும் ஏடுகளும் தடுக்கப்பட்டன. ஆனால் தனி மனிதராகத் தேர்தலில் நிற்பதற்குத் தடை இல்லை. ஆகவே கட்சி பேச முடியாத கட்சியாயிற்று. ஆயினும் வாக்குப் பெறக்கூடிய கட்சியாகவே இருந்தது. இந்த விந்தையான நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வாதங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவ்வாண்டில் பெர்ன்ஸ்டைன் கார்ல் ஹோக்பெர்க் என்னும் செல்வரின் செயலாளராகச் சுவிட்சர்லாந்து சென்றார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணியே போயிருப்பார். ஆனால் தாயகத்தில் மீண்டும் கால் வைப்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

சுவிட்சர்லாந்தில் இருந்தபோது ஏங்கல்ஸ் எழுதிய ஒரு நூலை அவர் படித்தார். டூரிங் என்னும் ஆசிரியரின் கருத்துகளை மறுத்து எழுதப்பட்ட நூல் அது. பெர்ன்ஸ்டைன் அதுவரையில் அந்த டூரிங்கையே போற்றி வந்தவர். நூலைப் படித்து முடித்ததும் தம் பழைய எண்ணத்தைக் கைவிட்டு மார்க்ஸின் மாணவரானார். சான்று கண்டபோது மனத்தை மாற்றிக்கொள்ளும் இயல்பு அவரிடம் இளமையிலேயே இருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

1880இல் பேபல் என்னும் கட்சித் தலைவர் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். ஹோக்பெர்க்கின் ஏட்டில் வந்த ஒரு கட்டுரையால் மார்க்ஸும் ஏங்கல்ஸும் சினம் கொண்டிருந்தனர். நேரில் கண்டு பேசிய பின் அந்தச் சினம் தணிந்தது. மறு ஆண்டு முதல் 'சமூக ஜனநாயகவாதி' என்று பொருள்படும் பெயருடைய கட்சி ஏட்டிற்குப் பெர்ன்ஸ்டைன் ஆசிரியரானார். ஏடு ஸூரிச் நகரில் அச்சாகும்; அங்கிருந்து எல்லைக் காவலரின் கண்ணுக்குத் தப்பி ஜெர்மனிக்குள் மறைவாகச் செல்லும். தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த தொழிலாளருக்கு அதுவே ஊக்கம் ஊட்டும் குரலாயிற்று. ஏங்கல்ஸ் அவருடைய திறமையை மனமாரப் பாராட்டினார். 1888இல் பிஸ்மார்க்கின் நெருக்குதலால் சுவிஸ் அரசு பெர்ன்ஸ்டைனை வெளியேற்றவே, அவர் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1890இல் தடைச் சட்டம் காலாவதி ஆயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில், பன்னிரண்டு ஆண்டுகள் ஒடுக்கப்பட்டுக் கிடந்த கட்சி 14 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. ஆயினும் ஆசிரியர் மீது பிறப்பித்திருந்த கைது ஆணை நீங்கவில்லை. அவர் லண்டனிலேயே தங்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டில், அதாவது 1891இல், எர்பூர்ட் நகரில் கட்சி தன் புதிய வேலைத் திட்டத்தை வகுத்தது. அத்திட்டத்திற்கு இரு பகுதிகள் உண்டு. முதற்பகுதி உலகம் எங்கே போகிறது என்று கூறிற்று. பெரிய தொழில்கள் சிறியவற்றை விழுங்கும். செல்வம் ஒரு சிலர் கையில் குவியும். நடுத்தர வகுப்பினர் அழிந்து தொழிலாளராவர். நெருக்கடிகள் மேலும் மேலும் கொடியனவாக வரும். இறுதியில் பழைய சமுதாயம் நிலைகுலைந்து புதியது தோன்றும் என்பது அதன் சாரம். இரண்டாம் பகுதி இன்று என்ன வேண்டும் என்று கூறிற்று. ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, இலவசக் கல்வி, தொழிற்சாலைச் சட்டம் முதலியவற்றை அது கேட்டது. முதற்பகுதியை எழுதியவர் காவுட்ஸ்கி. அவர் பெர்ன்ஸ்டைனின் உற்ற நண்பர். இரண்டாம் பகுதியை எழுதியவர் பெர்ன்ஸ்டைன்.

இவ்விரு பகுதிகளுக்கும் உள்ள உறவு யாது? நாளை வீடு இடிந்து விழுவது உறுதி என்றால் இன்று அதன் கூரையைச் செப்பனிடுவது எதற்கு? செப்பனிட்டுச் செப்பனிட்டு வீடு வாழத்தக்கதாக ஆகுமானால், இடியப்போகிறது என்று ஏன் முழங்க வேண்டும்? கட்சியில் இவ்வினாவை உரக்கக் கேட்டவர் மிகச் சிலரே. தலைவர்கள் மேடையில் முதற்பகுதியைப் பேசினர். நாள்தோறும் இரண்டாம் பகுதியைச் செய்தனர்.

பெர்ன்ஸ்டைன் வாழ்ந்த லண்டன் அவருக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடமாயிற்று. உலகிலேயே முதலாளித்துவம் மிக முதிர்ந்த நாடு இங்கிலாந்து. மார்க்ஸின் கணிப்பு மெய்யாகுமானால் முதலில் அங்கேதான் மெய்யாக வேண்டும். அவரோ அங்கே வேறு காட்சிகளைக் கண்டார். தொழிற்சங்கங்கள் முதலாளிகளோடு பேரம் பேசிக் கூலியை உயர்த்தின. 1889இல் லண்டன் துறைமுகத்தில், எழுத்தறிவும் சங்கமும் அற்ற கூலிகள் என்று கருதப்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். கூட்டுறவுப் பண்டசாலைகள் செழித்தன. நகராட்சிகள் பொதுப் பணிகளைத் தம் பொறுப்பில் ஏற்கத் தொடங்கின. சிட்னி வெப், பெர்னார்ட் ஷா போன்றவர்கள் இருந்த பேபியன் சங்கத்தாரோடும் அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று.

1895ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏங்கல்ஸ் மறைந்தார். தம் எழுத்துகளைக் காக்கும் பொறுப்பைப் பேபலிடமும் பெர்ன்ஸ்டைனிடமும் அவர் ஒப்படைத்திருந்தார். ஈஸ்ட்போர்ன் கடற்கரையிலிருந்து படகில் சென்று ஆசானின் சாம்பலைக் கடலில் கரைத்த நால்வருள் பெர்ன்ஸ்டைனும் ஒருவர். மார்க்ஸின் மகள் எலியனோர் மற்றொருவர். மகனுக்கு நிகரான உரிமையும் கடமையும் அவருக்கு இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதன்பின் ஓராண்டிற்குச் சற்று மேல் சென்றது. 1897இல் பேபியன் சங்கத்தில், மார்க்ஸ் உண்மையில் கற்பித்தது யாது என்னும் பொருள் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மார்க்ஸைக் குறை கூறியவர்களுக்கு விடை கூறுவதே அவர் நோக்கம். ஆனால் தாம் எழுதியதைத் தாமே எண்ணிப் பார்த்தபோது அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. மார்க்ஸின் சொற்களை எப்படியாவது உண்மையோடு பொருத்திக் காட்டுவதற்காகத் தாம் அவற்றை இழுத்தும் வளைத்தும் பொருள் கூறுவதை உணர்ந்தார். இனி இவ்வாறு செய்யலாகாது என்று உறுதி செய்துகொண்டார். இச்செய்தியைப் பின்னர் அவரே பேபலுக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார். இந்தப் பெரிய வகுப்பறையில் ஒரு மாணவர் எழுந்து நின்ற கணம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

காவுட்ஸ்கி நடத்திய 'புதுக்காலம்' என்னும் ஏட்டில் 1896 முதல் 1898 வரையில் பெர்ன்ஸ்டைன் ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டார். 1899இல் அக்கருத்துகளைத் தொகுத்து, சமதர்மத்தின் அடிப்படைகளையும் கட்சியின் கடமைகளையும் ஆராயும் நூலாக எழுதினார். அதில் அவர் செய்தது பெரும்பாலும் ஒரு வங்கி எழுத்தர் செய்யும் வேலைதான், கணக்கைச் சரிபார்த்தார். வருமான வரிப் பதிவேடுகளையும் தொழிற் கணக்கெடுப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, முன்கூறிய கணிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

சொத்துடையோரின் தொகை குறையவில்லை, கூடியிருக்கிறது என்று கண்டார். கூட்டுப் பங்கு நிறுவனங்கள் தொழிலைப் பெரிதாக்கின. ஆனால் அவற்றின் உடைமையைப் பங்குகளாகப் பலரிடையே பரப்பின. பெரிய ஆலைகளுக்கு அருகிலேயே சிறு தொழில்கள் பல நிலைத்து நின்றன. உழவுத் தொழிலில் சிறு பண்ணைகள் அழியவில்லை. எழுத்தர், பொறியாளர், அலுவலர் என்று ஒரு புதிய நடுத்தர வகுப்பே வளர்ந்து வந்தது. தொழிலாளரின் நிலையும் எங்கும் தாழ்ந்துகொண்டே போகவில்லை. சங்கமும் சட்டமும் உள்ள இடங்களில் உயர்ந்தது.

ஆகவே, ஒருநாள் எல்லாம் இடிந்து விழும் என்று காத்திருப்பது பயனற்றது என்றார். இறுதி இலட்சியம் என்று சொல்லப்படுவது தமக்குப் பெரிதன்று, இயக்கமே தமக்கு எல்லாம் என்ற கருத்தினை 1898இல் அவர் எழுதிவிட்டார். அதனால் அவர் இலட்சியமே அற்றவர் என்று பலர் பழித்தனர். அவர் எண்ணியது வேறு. எங்கோ தொலைவில் ஒரு பொன்னுலகம் நிற்கிறது, அதை அடையும் வரையில் செய்வனவெல்லாம் வெறும் ஆயத்தம் என்று எண்ணலாகாது. தொழிலாளி இன்று பெறும் ஓய்வு நேரமும் வாக்குரிமையும் கல்வியுமே சமதர்மத்தின் பகுதிகள் என்பது அவர் கொள்கை.

ஜனநாயகத்தைப் பற்றி அவர் கூறியது இன்னும் ஆழ்ந்த கருத்து. அவருக்கு ஜனநாயகம் அதிகாரத்தைப் பிடிப்பதற்கான ஏணி மட்டுமன்று. ஒரு வகுப்பு மற்றொரு வகுப்பை அடக்கி ஆளாத நிலையே ஜனநாயகம். ஆதலின் அது வழியாகவும் இருக்கிறது, அடையவேண்டிய இடமாகவும் இருக்கிறது. பெரும்பான்மையோர் ஆளும்போதும் சிறுபான்மையோரின் உரிமை காக்கப்பட வேண்டும். தனி மனித உரிமைக்குப் போராடிய பழைய தாராளக் கொள்கையைச் சமதர்மம் தூக்கி எறியலாகாது. அதன் வாரிசாக நின்று எல்லா மக்களுக்கும் அவ்வுரிமையை விரிக்க வேண்டும் என்றார். மேலும் சமதர்மம் வரலாற்று விதியினால் தானாகவே வந்துவிடும் என்ற எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. அது நீதியானது என்று மக்கள் கருதி விரும்பினால்தான் வரும் என்றார். காண்ட் என்னும் மெய்யறிஞரின் செல்வாக்கு இங்கே தெரிகிறது.

புயல் கிளம்பிற்று. 1898இல் ஸ்டுட்கார்ட் மாநாட்டில் அவருடைய விளக்கக் கடிதம் படிக்கப்பட்டது. அவர் நேரில் வரக் கைது ஆணை தடையாய் இருந்தது. உற்ற நண்பர் காவுட்ஸ்கி மறுப்பு நூல் எழுதினார். 1899ஆம் ஆண்டு ஹானோவர் மாநாட்டில் பேபல் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவரை எதிர்த்துப் பேசினார். கட்சிச் செயலாளர் அவுவர் என்பவர் தனிக் கடிதத்தில் நகைச்சுவையோடு அறிவுரை கூறினார். நீர் கேட்பதை எவரும் தீர்மானம் போட்டுச் செய்வதில்லை, வாயால் சொல்வதுமில்லை, பேசாமல் செய்துகொண்டு போவார்கள் என்பது அதன் கருத்து. இந்த அறிவுரை சாமர்த்தியமானதுதான். ஆனால் சொல் ஒன்றும் செயல் ஒன்றுமாக ஒரு பெரிய இயக்கம் நெடுநாள் நடக்க முடியுமா என்பதே பெர்ன்ஸ்டைனின் கேள்வி.

அவரை எதிர்த்தவர்களுள் அறிவாற்றல் மிக்கவர் ரோஸா லக்ஸம்பர்க் என்னும் இளம் பெண்மணி. போலந்து நாட்டில் பிறந்தவர். அப்போது வயது முப்பதும் ஆகவில்லை. சீர்திருத்தமா, புரட்சியா என்னும் தலைப்புடைய அவருடைய நூலை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். கடன் வசதியும் பெருநிறுவனங்களின் கூட்டும் நெருக்கடியைத் தணிக்கும் என்று பெர்ன்ஸ்டைன் நம்பினார். அவையே நெருக்கடியைப் பெருக்கும் என்று லக்ஸம்பர்க் விடையிறுத்தார். தொழிற்சங்க வேலை இன்றியமையாதது. ஆயினும் முதலாளித்துவம் உள்ளவரையில் அது, மலைமேல் உருட்ட உருட்டக் கீழே விழும் கல்லை ஓயாது உருட்டும் கிரேக்கக் கதை மனிதனின் வேலையையே ஒக்கும் என்றார். இலட்சியத்தை மறந்து வழியை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறு ஊருக்குத்தான் போய்ச் சேர்வோம் என்பது அவர் எச்சரிக்கை.

கட்சி பெர்ன்ஸ்டைனின் கருத்தைக் கண்டித்தது. 1903ஆம் ஆண்டு டிரெஸ்டன் மாநாட்டில் கடுமையாகக் கண்டித்தது. 'திருத்தல்வாதி' என்ற சொல் ஒரு வசைச் சொல்லாயிற்று. ஆனால் அவரை வெளியேற்றவில்லை. அவரும் விலகிப் போகவில்லை. 1901இல் கைது ஆணை நீங்கித் தாயகம் திரும்பினார். 1902இல் பிரெஸ்லாவ் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர்.

யார் சொன்னது சரி என்று நீங்கள் கேட்பீர்கள். வரலாற்று மாணவன் இங்கே விரைந்து மதிப்பெண் போடலாகாது. நடுத்தர வகுப்பு அழியாது என்பதிலும், தொழிலாளரின் நிலை சட்டத்தாலும் சங்கத்தாலும் உயரக்கூடும் என்பதிலும் பிற்கால வரலாறு பெர்ன்ஸ்டைனின் பக்கம் நின்றது. பெரு நெருக்கடிகளின் ஆற்றல் குறைந்துவிட்டது என்று அவர் எண்ணியதோ தவறாயிற்று. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி கோடிக்கணக்கானோரை வேலையற்றோர் ஆக்கிற்று. அங்கே லக்ஸம்பர்க்கின் கண் கூர்மையானது.

இன்னொன்றும் உண்டு. சீர்திருத்தம் பாராளுமன்றத்தின் வழியே வரவேண்டுமானால் பாராளுமன்றத்திற்கு அதிகாரம் வேண்டும். ஜெர்மனியில் முதலமைச்சரை நியமித்தவர் பேரரசர். அவரை நீக்கும் உரிமை பாராளுமன்றத்திற்கு இல்லை. பிரஷ்ய மாநிலத்திலோ வாக்காளரை அவர்கள் செலுத்தும் வரியைக் கொண்டு மூன்று வகுப்பாகப் பிரித்தனர். முதல் வகுப்பில் இருந்த ஒரு சில செல்வருக்கும் மூன்றாம் வகுப்பில் இருந்த பெருந்திரளான ஏழைகளுக்கும் சமமான எண்ணிக்கையில் பிரதிநிதிகள். 1912ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி 42 இலட்சத்திற்கு மேல் வாக்குப் பெற்று, 110 இடங்களோடு பேரரசின் பாராளுமன்றத்தில் மிகப்பெரிய கட்சியாக நின்றது. அப்போதும் ஆட்சி அதன் கைக்கு எட்டவில்லை. பெர்ன்ஸ்டைன் இதனை அறியாதவர் அல்லர். வாக்குரிமைக்காகத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்யலாம் என்பதை அவரே ஆதரித்தார். இங்கிலாந்தில் திறந்திருந்த கதவு ஜெர்மனியில் பூட்டிக் கிடந்தது என்பதே உண்மை.

ஆசானைத் திருத்தியவரும் திருத்தப்பட வேண்டியவராய் இருந்தார் என்பதை மறைக்கலாகாது. அது நம் நாட்டைத் தொட்ட செய்தி. குடியேற்ற நாடுகளைப் பற்றிப் பேசுகையில், நாகரிகத்தில் முன்னேறிய நாடுகள் பின்தங்கிய மக்களுக்குப் பாதுகாவலராக இருப்பது ஓரளவு தவிர்க்க முடியாதது என்ற கருத்தை அவர் கொண்டிருந்தார். கொடுமையை அவர் ஆதரிக்கவில்லை. 1902இல் ஆர்மீனிய மக்களின் துன்பத்தைக் கண்டு பெர்லினில் மனம் உருகப் பேசியவர் அவர். ஆயினும் ஆளப்படுவோரைக் கேளாமலே ஆளும் உரிமை ஒன்று உண்டு என்பதை அவர் ஏற்றார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்டுட்கார்ட் நகரில் உலகச் சமதர்மிகளின் மாநாடு கூடியது. சமதர்ம ஆட்சியிலும் குடியேற்றக் கொள்கை நன்மை தரக்கூடும் என்ற தீர்மானத்திற்குப் பெர்ன்ஸ்டைன் ஆதரவாகப் பேசினார். அதே மாநாட்டில் பிக்காஜி காமா அம்மையார் இந்தியக் கொடியை விரித்துக் காட்டி நம் மக்களின் விடுதலைக்கு ஆதரவு கேட்டார். மாநாடு 108க்கு எதிராக 127 வாக்குகளால் அக்கருத்தினைத் தள்ளிற்று. இம்முறை சரியான பக்கத்தில் நின்று வாதாடியவர் காவுட்ஸ்கி. ஜனநாயகம் என்பது அடக்கி ஆளாமை என்று எழுதிய கை, கடல் கடந்த மக்களை அந்த இலக்கணத்திற்குள் சேர்க்க மறந்துவிட்டது. நல்லறிஞரிடத்தும் இத்தகைய இருள் மூலை ஒன்று இருக்கக்கூடும் என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

1914இல் பெரும்போர் மூண்டது. ஆகஸ்டு 4ஆம் நாள் போர்ச் செலவுக்குப் பணம் ஒதுக்கக் கட்சி ஒருமுகமாக வாக்களித்தது. பெர்ன்ஸ்டைனும் வாக்களித்தார். ரஷ்யப் பேரரசின் தாக்குதலிலிருந்து நாட்டைக் காக்கும் போர் என்று அரசு கூறியதை அவர் நம்பினார். பின்னர் அரசுகள் வெளியிட்ட ஆவணங்களைப் படித்தார். முன்பு புள்ளிவிவரங்களைப் படித்ததுபோலவே படித்தார். தம் அரசு மெய் கூறவில்லை என்று தெளிந்தார். 1915ஆம் ஆண்டு ஜூனில் ஹாஸே, காவுட்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து போர் வெறியை எதிர்த்து அறிக்கை வெளியிட்டார். டிசம்பரில் போர்ச் செலவை எதிர்த்து வாக்களித்த இருபது உறுப்பினர்களுள் ஒருவராக நின்றார். திருத்தல்வாதத்தில் அவருடைய தோழராய் இருந்தவர் பலர் போரை ஆதரித்தனர். அவர்களை விட்டு அவர் பிரிந்தார். 1917இல் தனிக் கட்சி தோன்றியபோது, பெர்ன்ஸ்டைனும் அவரை மறுத்து எழுதிய காவுட்ஸ்கியும் லக்ஸம்பர்க்கின் குழுவினரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். கொள்கைப் பகையைக் காட்டிலும் நேர்மையின் உறவு வலிது போலும்.

போர் முடிந்தபின் அவர் மீண்டும் பழைய கட்சிக்கே திரும்பினார். 1919ஆம் ஆண்டு ஜூனில் வைமாரில் கட்சி மாநாடு நடந்தது. நேச நாடுகளின் கடுமையான உடன்படிக்கையால் ஜெர்மனி முழுவதும் கொதித்துக் கொண்டிருந்த நேரம் அது. போர் மூண்டதில் நம் பழைய அரசுக்குப் பெரும் பொறுப்பு உண்டு என்பதை நாமே ஒப்புக்கொள்வோம், அதுவே புதிய குடியரசுக்கு நல்ல அடிப்படை என்று அறுபத்தொன்பது வயது முதியவர் எழுந்து கூறினார். மாநாடு சீறிற்று. ஏறக்குறையத் தனியராகவே நின்றார்.

1920 முதல் 1928 வரையில் மீண்டும் பாராளுமன்ற உறுப்பினராய் இருந்தார். 1921ஆம் ஆண்டு கெர்லிட்ஸ் வேலைத் திட்டத்தில் அவருடைய கருத்துகள் இடம் பெற்றன. 1925இல் கட்சி அதை மாற்றிப் பழைய நடைக்கே திரும்பிற்று. 1932ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் எண்பத்திரண்டு வயதில் பெர்லினிலேயே காலமானார். ஆறு வாரம் கழித்து, 1933 ஜனவரி 30ஆம் நாள், ஹிட்லர் முதலமைச்சரானார். சில மாதங்களில் கட்சியும் தொழிற்சங்கங்களும் நசுக்கப்பட்டன. ஜனநாயகம் வெறும் ஏணி அன்று என்று அவர் சொன்னதன் பொருளை, அதை இழந்தபின் அந்நாடு அறிந்தது. போருக்குப் பின், 1959இல், கோடஸ்பெர்க் நகரில் கூடிய கட்சி, மார்க்ஸியக் கணிப்புகளைக் கைவிட்டு ஜனநாயக வழிச் சீர்திருத்தத்தையே தன் கொள்கையாக அறிவித்தது. பெர்ன்ஸ்டைன் நூல் எழுதிச் சரியாக அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர்களே, அவர் சொன்னதையெல்லாம் நீங்கள் ஏற்க வேண்டும் என்பதற்காக இவ்வரலாற்றை நான் கூறவில்லை. லக்ஸம்பர்க்கின் நூலையும் படியுங்கள். காவுட்ஸ்கியின் மறுப்பையும் படியுங்கள். நான் உங்கள் கவனத்தை ஈர்க்க விரும்புவது அவர் திருத்திய முறையை. ஆசானை ஏளனம் செய்து அவர் பெயர் வாங்கவில்லை. ஆசானுடைய நூல்களை முதலில் நன்றாகக் கற்றார். கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தார். கண்டதை மறைவில் முணுமுணுக்காமல் தம் பெயரிட்டு வெளியிட்டார். பழித்தவர்களோடும் தொடர்ந்து பணியாற்றினார். தாம் அளித்த வாக்கே தவறு என்று தெரிந்தபோது அதையும் மாற்றிக்கொண்டார். நம் போன்ற மக்களைப் பற்றிய ஒன்றில் மட்டும் தம் கணக்கைச் சரிபார்க்கத் தவறினார். அதை நாம் திருத்தி எழுதிக்கொள்வோம்.

முன்னே குறிப்பிட்ட பையனுக்கு நான் அன்றைக்கு நன்றி கூறியதாக நினைவில்லை. பாடத்தைத் தொடர்ந்து நடத்திவிட்டேன். இப்போது எண்ணும்போது, அவனை வகுப்பின் முன் அழைத்து ஒரு சொல் பாராட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. பாராட்டியிருந்தால், தவற்றைக் கண்டும் வாளா இருந்த மற்றப் பிள்ளைகளும் மறுமுறை எழுந்து நின்றிருப்பார்கள் அல்லவா?